பெயருக்குப் பின்னால் வரும் வாக்கியம்: சீன மாணவர்களும் கல்லூரி ஆங்கில வாசிப்பும்

சீனாவில் பட்டப்படிப்பில் சேருகிறவர்களில் பெரும்பாலோர், பொறியியலோ வேளாண்மையோ வரலாறோ எதைப் படித்தாலும், ஒரு பொது ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். 'கல்லூரி ஆங்கிலத் தேர்வு, நான்காம் நிலை' என்பது அதன் முழுப்பெயர். மாணவர்கள் வாயில் அது வெறும் 'ஸிஜி'. நான்காம் நிலை 1987-லும், அதற்கு மேலான ஆறாம் நிலை 1989-லும் தொடங்கப்பட்டன. ஜூனிலும் டிசம்பரிலும் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது. 2005-ல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு தேர்ச்சி, தோல்வி என்று சான்றிதழ் தருவதில்லை. 710-க்கு எவ்வளவு என்ற மதிப்பெண் பட்டியல் மட்டுமே தருகிறார்கள். ஆனால் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலை எழுத முடியும். வேலைக்கு ஆள் எடுக்கும் பல நிறுவனங்களும் அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. ஆகவே மாணவர்களைப் பொறுத்தவரை தேர்ச்சிக் கோடு இன்றும் அதுதான்.

பள்ளி இறுதியில் 'காவ்காவ்' எனும் நுழைவுத் தேர்வை எழுதி வருகிறவருக்குச் சுமார் 3,000 ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். நான்காம் நிலைக்குச் சுமார் 4,500 தேவை. இடைவெளி 1,500. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சொற்பட்டியல் புத்தகம் வாங்கி, நாளுக்கு இத்தனை என்று மனப்பாடம் செய்துவிட்டால் வேலை முடிந்தது. அகரவரிசையில் அச்சான அந்தப் புத்தகங்களில் 'அபாண்டன்' என்பதுதான் தொடக்கத்தில் வரும். கைவிடு என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லை மட்டும் சீனாவில் எல்லாருக்கும் தெரியும் என்று மாணவர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் பலர் போவதில்லை என்பதுதான் கேலியின் உட்பொருள்.

எங்கள் பார்வையில் சிக்கல் மனப்பாடம் பாதியில் நிற்பதில் மட்டும் இல்லை. புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை முடித்தவர்களும் வாசிப்புப் பகுதியில் தடுக்கி விழுகிறார்கள். சீன மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருகிறவருக்குக் கடினமாக இருப்பவை இரண்டு. ஒன்று, ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது. மற்றொன்று, பெயரை விளக்கும் தொடர் எந்தப் பக்கம் நிற்கும் என்பது. சொற்பட்டியல் இவ்விரண்டையும் கற்றுத் தராது.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

தேர்வு மொத்தம் 130 நிமிடம். வாசிப்புக்கு 40 நிமிடம், மொத்த மதிப்பெண்ணில் 35 விழுக்காடு. அதற்குள் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் 200 முதல் 250 சொற்கள் கொண்ட பத்தியில் 10 இடங்கள் காலியாக இருக்கும். கீழே தரப்படும் 15 சொற்களிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 3.55. இரண்டாவது பிரிவில் ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் கொண்ட நீண்ட கட்டுரை. தரப்படும் 10 கூற்றுகள் எந்தெந்தப் பத்தியிலிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 7.1. மூன்றாவது பிரிவில் 300 முதல் 350 சொற்கள் கொண்ட இரண்டு பகுதிகளை ஊன்றிப் படித்து, பகுதிக்கு ஐந்தாக 10 கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். இங்கே ஒரு கேள்வி 14.2.

ஊன்றி வாசிக்கும் பிரிவில் ஒரு கேள்வி, காலியிடம் நிரப்பும் பிரிவில் நான்கு இடங்களுக்குச் சமம். ஆனாலும் வினாத்தாளில் முதலில் வருகிறது என்பதற்காகவே பலர் காலியிடங்களில் பதினைந்து நிமிடம் செலவழித்துவிடுகிறார்கள். பத்தும் சரியானால்கூட அங்கே கிடைப்பது 35.5 மட்டுமே.

எவ்வளவு சொல் தெரிந்தால் ஒரு பகுதி புரியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, உள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் பால் நேஷனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 350 சொற்கள் கொண்ட பகுதியில் தெரியாதவை ஏழைத் தாண்டக் கூடாது. 95 விழுக்காடுதான் தெரியும் என்றால் தெரியாதவை பதினேழு, பதினெட்டு ஆகிவிடும். வரிக்கு வரி நிற்க வேண்டியதுதான். எனவே சொல் வளம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்தச் சொற்களை முதலில், எப்படி என்பதுதான் கேள்வி. பொதுச் சொற்கள் கைவந்த பிறகு நல்ல முதலீடு, ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல். அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) மட்டுமே கல்விசார் எழுத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கின்றன. அகரவரிசைப் புத்தகத்தில் முதல் எழுத்தோடு மல்லாடுவதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

ஒரு சீனச் சொல்லுக்கு நான்கு ஆங்கிலச் சொற்கள்

சீன மொழியில் புதுச் சொல் பெரும்பாலும் பழைய சொற்களைச் சேர்த்தே பிறக்கிறது. வண்டி என்பதற்கு 'செ'. ரயில் 'ஹுவோசெ', நெருப்பு வண்டி. மோட்டார் கார் 'சிசெ', ஆவி வண்டி. சைக்கிள் 'ட்ஸிஷிங்செ', தானே நடக்கும் வண்டி. லாரிக்கும் கடைசியில் 'செ' உண்டு. ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றதைப் பார்த்ததும் இது ஏதோ ஒரு வண்டி என்பதாவது தெரிந்துவிடும். மிதிவண்டி, மாட்டுவண்டி என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்திலோ 'ட்ரெய்ன்', 'கார்', 'பைசிக்கிள்', 'டிரக்' நான்குக்கும் இடையே உருவ ஒற்றுமை எதுவும் இல்லை. சீன மாணவருக்கு ஆங்கிலச் சொற்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய சுமையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட உறவு லத்தீன், கிரேக்க வேர்களில் ஒளிந்திருக்கிறது: 'இன்ஸ்பெக்ட்', 'ரெட்ரோஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்' மூன்றிலும் பார்த்தல் இருக்கிறது. சொல்லைச் சொல்லாகப் படிக்காமல் வேரோடு படித்தால், ஏற்கெனவே உள்ள பழக்கம் துணைக்கு வரும். முப்பது, நாற்பது வேர்களும் இருபது முன்னொட்டு, பின்னொட்டுகளும் போதும். அதற்கு மேல் போனால் வேர்களே இன்னொரு மனப்பாடமாகிவிடும்.

உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 'திகாவ்' என்றொரு சீன வினைச்சொல், உயர்த்து என்று பொருள். தரத்தையும் 'திகாவ்' செய்யலாம், விலையையும், வேகத்தையும், விழிப்புணர்வையும் செய்யலாம். ஆங்கிலத்தில் தரத்துக்கு 'இம்ப்ரூவ்', விலைக்கு 'ரெய்ஸ்', வேகத்துக்கு 'இன்க்ரீஸ்' என்று ஒவ்வொன்றும் தன் துணையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பட்டியலில் மூன்றுக்கும் எதிரே ஒரே சீனச் சொல்லைப் பார்த்துப் படித்தவர் 'இம்ப்ரூவ் தி பிரைஸ்' என்று எழுதுவார். அறிவைச் 'சம்பாதிக்க' ஆங்கிலத்தில் 'அக்வயர்' அல்லது 'கெய்ன்' வேண்டும்; சீன மாணவர் எழுதுவது 'லேர்ன் நாலட்ஜ்'. மருந்தைச் சீனர்கள் சாப்பிடுவார்கள், நாமும் அப்படித்தான்; ஆங்கிலத்தில் 'டேக்' என்றுதான் வரும். எழுத்தில் தெரியும் இந்தப் பிழை வாசிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. காலியிடப் பிரிவின் 15 சொற்களில் ஒரே சீனப் பொருள் உள்ள இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, எது பின்னால் வரும் பெயரோடு ஒட்டும் என்று சொல்ல அவருக்கு ஆதாரமே இருக்காது.

இன்னொரு பொறி, தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருவது. சீன ஆசிரியர்கள் இதற்கெனத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 'அட்ரஸ்' முகவரி அல்ல, ஒரு சிக்கலைக் கையிலெடுப்பது. 'நாவல்' புதினம் அல்ல, புதுமையான என்ற பெயரடை. 'சாம்பியன்' வெற்றியாளர் அல்ல, ஒரு கருத்துக்காக வாதாடு என்ற வினை. தெரியாத சொல் வந்தால் மாணவர் நிற்பார், யோசிப்பார். இவை பழகிய முகத்தோடு வருவதால் நிற்காமல் கடந்துபோவார். பத்தியின் பொருள் மொத்தமும் திசை மாறிவிடும். சொற்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கும் கைபேசிச் செயலியில் இவற்றை 'தெரியும்' என்று தள்ளிவிட்டிருப்பதால் திருப்புதலிலும் அகப்படாது. ஒரு சொல்லுக்குத் தெரிந்த பொருளைப் போட்டுப் பார்த்து வாக்கியம் நொண்டினால், உடனே அதைப் புதுச் சொல்லாக ஏட்டில் ஏற்ற வேண்டும்.

ஒலி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீனக் குழந்தைகள் தாய்மொழியைப் படிக்கத் தொடங்கும்போதே பின்யின் எனும் முறையில் ரோமன் எழுத்துகளைக் கற்றுவிடுகிறார்கள். ஆனால் அங்கே பல எழுத்துகளின் ஒலி வேறு. ஆங்கிலம் வரும்போது சிலர் ஒலியை விட்டுவிட்டு, சொல்லை எழுத்து எழுத்தாகவோ உருவமாகவோ மனத்தில் வைக்கிறார்கள். விளைவு: 'அடாப்ட்', 'அடோப்ட்', 'அடெப்ட்' மூன்றும் தேர்வு நேரத்தில் ஒன்றுபோலத் தெரியும். அசை பிரித்து வாய்விட்டுச் சொல்லிப் படித்தால் இந்தக் குழப்பம் பெருமளவு நீங்கும்.

பெயரெச்சம் பழகிய கண்

வாசிப்பில் நாங்கள் காணும் தவறுகளில் கனமானவை, பெயரை விளக்கும் தொடர் எந்தப் பக்கம் நிற்கும் என்பதில் நேர்பவை. ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

'நேற்று வந்த மாணவன்' என்கிறோம். வந்த என்ற பெயரெச்சம் முன்னால், மாணவன் பின்னால். சீனத்திலும் இதே வரிசைதான்: நேற்று, வந்த, 'தெ' என்ற ஓர் இணைப்பசை, மாணவன். விளக்கம் எவ்வளவு நீளமானாலும் பெயருக்கு முன்னால் வந்து முடிந்துவிடும். ஆங்கிலம் நேர்மாறு: 'தி ஸ்டூடன்ட் ஹூ கேம் யெஸ்டர்டே'. முதலில் ஆள், பிறகு விளக்கம். ஆங்கிலத்தில் எழுவாய் வந்துவிட்டது, அடுத்து வினைதான் என்று எதிர்பார்க்கும் சீனக் கண்ணுக்கு, நடுவில் நுழையும் தொடர் தலைவலி.

இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'தி எவிடன்ஸ் ஆன் விச் தி கமிட்டி பேஸ்ட் இட்ஸ் டிசிஷன் கேம் ஃப்ரம் சர்வேஸ் கண்டக்டட் இன் ரூரல் ஸ்கூல்ஸ்.' சொல் ஒவ்வொன்றும் எளிது. நான்காம் நிலைக்குத் தயாராகும் யாருக்கும் இவை தெரிந்தவைதான். ஆனாலும் 'குழு சான்றை வைத்து முடிவெடுத்தது, முடிவு கணக்கெடுப்பிலிருந்து வந்தது' என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். வந்தது சான்று, முடிவு அல்ல. 'டிசிஷன் கேம்' என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் கண் அவற்றைச் சேர்த்துவிடுகிறது.

இரண்டாவது தவறு 'கண்டக்டட்' என்பதில். சீன வினைச்சொல் காலத்துக்கோ, நான், நீ, அவர் என்ற இடத்துக்கோ ஏற்ப உருவம் மாறாது. ஆங்கிலத்தில் இறந்தகால வினையும் எச்சமாக வரும் வடிவமும் பல வினைகளில் ஒரே உருவம். 'நடத்தின' என்பதா, 'நடத்தப்பட்ட' என்பதா? உருவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. வாக்கியத்தில் அதன் இடத்தைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

இதைப் பழக ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வினைபோலத் தெரியும் எல்லாவற்றையும் வட்டமிட வேண்டும்: இங்கே 'பேஸ்ட்', 'கேம்', 'கண்டக்டட்' மூன்று. 'விச்', 'ஹூ', 'தட்', 'பிகாஸ்' போன்ற இணைப்புச் சொல் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வினையை எடுத்துக்கொள்ளும்; இங்கே 'விச்' எடுத்துக்கொண்டது 'பேஸ்ட்'. மிஞ்சிய இரண்டில், 'கண்டக்டட்' பெயரை ஒட்டி நிற்கிறது. அதன் பின் செயப்படுபொருள் இல்லை, 'இன்' என்ற இடக்குறிப்புதான் வருகிறது. எனவே அது எச்சம். எஞ்சிய 'கேம்' தலைமை வினை. அதன் எழுவாயைத் தேடி வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போனால் 'எவிடன்ஸ்'. எலும்புக்கூடு கிடைத்துவிட்டது: சான்று, கணக்கெடுப்புகளிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் அதன்மேல் ஏறிய சதை. நாளுக்கு மூன்று வாக்கியம் இப்படிப் பென்சிலால் பிரித்துப் பழகினால் சில வாரங்களில் பென்சில் இல்லாமலே கண் பிரிக்கத் தொடங்கும்.

ஒரு பகுதி, மூன்று சுற்று

பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்களை மிஞ்சிய பொருள் இல்லை. வாசிப்புப் பகுதியின் இப்போதைய அமைப்பு 2013 டிசம்பரிலிருந்து மாறவில்லை என்பதால் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. அண்மைய மூன்று தாள்களை மட்டும் தொடாமல் ஒதுக்கி, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நேரம் வைத்து முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும்.

ஊன்றி வாசிக்கும் பகுதி நாளுக்கு ஒன்று போதும். அதை மூன்று முறை படிக்க வேண்டும். முதல் சுற்றில் ஒன்பது நிமிடம், அகராதி கிடையாது. ஐந்து கேள்விக்கும் பதில் குறிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் விடைக்குறிப்பைப் பார்க்காமல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல், ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரமான வாக்கியத்தைப் பகுதியில் அடிக்கோடிட வேண்டும். மனம் மாறினால் வேறு நிற மையில் புதுப் பதிலை எழுதலாம். அதன் பிறகுதான் விடைக்குறிப்பு.

பலர் முதல் சுற்று முடிந்ததும் விடையைப் பார்த்துவிடுவார்கள். அங்கேதான் பயிற்சி வீணாகிறது. முதல் சுற்றில் தவறி இரண்டாம் சுற்றில் சரியானால் சிக்கல் வேகத்தில். இரண்டிலும் தவறினால் சொல்லில் அல்லது வாக்கிய அமைப்பில். ஆதார வாக்கியம் சரியாகப் பிடிபட்டும் பதில் தவறானால் சிக்கல் விடைத் தெரிவில். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டாம் சுற்று இல்லாமல் எந்த நோய் என்று தெரியாது.

விடைத் தெரிவுகளில் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். 'சில நகரங்களில் பேருந்துக் கட்டணம் குறைந்தபின் கார்ப் பயணம் சற்றே குறைந்தது' என்று பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெரிவு, பேருந்து, கட்டணம், கார் என்று அதே சொற்களை வைத்து 'கட்டணக் குறைப்பு மக்களைக் கார் ஓட்டுவதை நிறுத்தச் செய்தது' என்று சொல்லும். 'சில', 'சற்றே' இரண்டும் காணாமல் போயிருக்கும். இன்னொன்று காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றும். சரியான தெரிவில் பகுதியின் சொற்கள் அதிகம் இருக்காது: 'மலிவான பொதுப் போக்குவரத்து ஓரளவு பலன் தந்தது.' சொல்லைச் சொல்லோடு பொருத்திப் பழகியவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார். சொல் அப்படியே திரும்பி வந்தால் அதுவே எச்சரிக்கை.

முழுப் பகுதியையும் சீனத்தில் மொழிபெயர்த்து எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. உழைப்பை மதிக்கிறோம்; ஆனால் ஒரு மணி நேரம் அதில் போகும், புரிந்த வாக்கியங்களுக்கே முக்கால்வாசி செலவாகும். மூன்றாம் சுற்றில், தவறாகப் புரிந்த இரண்டு, மூன்று வாக்கியங்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். அதே பகுதியிலிருந்து எட்டு, பத்துச் சொற்களை அவை வந்த வாக்கியத்தோடு ஏட்டில் எழுத வேண்டும், தனிச் சொல்லாக அல்ல.

அந்தச் சொற்களைத் திருப்பிப் பார்க்கும் கணக்கு எளியது. பகுதிகளிலிருந்து எடுத்ததும் கல்விப் பட்டியலிலிருந்து எடுத்ததும் சேர்ந்து நாளுக்கு 25 புதுச் சொல் என்றால் 1,500 சொல்லுக்கு 60 நாள். ஒவ்வொரு சொல்லையும் 1, 2, 4, 7, 15 ஆம் நாள்களில் திருப்பினால், இரண்டு வாரம் கழிந்ததும் நாளொன்றுக்கு 125 திருப்புதல் சேரும்; அரை மணி நேர வேலை. ஆர்வக் கோளாறில் நாளுக்கு 100 என்று தொடங்குகிறவருக்கு அதே கட்டத்தில் 500 திருப்புதல் காத்திருக்கும். இரண்டாம் வாரத்தில் செயலியையே திறக்கப் பயந்து விட்டுவிடுவது இதனால்தான். சோம்பல் என்று பழி போடக் கூடாது. நான்கில் ஒன்றைத் தொட்டுத் தேர்வு செய்யும் பயிற்சி அடையாளம் காணவே பழக்கும். வாக்கியத்தில் சொல்லை மறைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதும் பயிற்சி வாரம் இரண்டு முறையாவது வேண்டும்.

தேர்வு அறையில்

கேட்டல் பகுதி முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். அதன் பிறகு வாசிப்புக்கு 40, மொழிபெயர்ப்புக்கு 30 என 70 நிமிடம் மாணவர் கையில் இருக்கிறது; எதை முதலில் செய்வது என்பது அவர் விருப்பம். வாசிப்பில் ஊன்றிப் படிக்கும் பகுதிகளுக்கு இருபது நிமிடம், நீண்ட கட்டுரைக்கு பதின்மூன்று, காலியிடங்களுக்கு ஏழு என்ற வரிசை எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

நீண்ட கட்டுரையை முதலிலிருந்து படிக்கத் தொடங்கக் கூடாது. நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் ஒரு முறை படிக்கவே பத்து நிமிடம் போய்விடும். முதலில் பத்துக் கூற்றுகளையும் படித்து, ஒவ்வொன்றிலும் மாற்றி எழுத முடியாத சொல்லை, அதாவது எண், ஆண்டு, ஆள் பெயர், இடப்பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு பத்திகளுக்குப் போக வேண்டும். கூற்றுகள் பத்திகளின் வரிசையில் வராது. ஒரே பத்திக்கு இரண்டு கூற்றுகளும் பொருந்தலாம் என்பதை மறந்து, பயன்படுத்திய பத்தியை அடித்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

காலியிடங்களில் 15 சொற்களையும் முதலில் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரிக்க வேண்டும். பிறகு இடத்தைப் பார்க்க வேண்டும். 'ஹேஸ்' என்பதற்கும் 'ரெட்யூஸ்ட்' என்பதற்கும் நடுவே காலியிடம் என்றால் அங்கே வினையடைதான் வரும். பதினைந்து சொல் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும். நாற்பது நொடியில் முடிவாகாத இடத்தை விட்டு நகர வேண்டும். விடைகளைக் கடைசியில் மொத்தமாகக் கறுப்படிக்கலாம் என்று வைத்திருந்தால், ஒரு கேள்வியைத் தாண்டிப் போனதால் கீழே உள்ள எல்லாக் கட்டங்களும் ஒன்று இடம் மாறிவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் அப்போதே 2பி பென்சிலால் கறுப்படித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே பாதுகாப்பு.